பூஜ்யம் பேர் அமர்ந்திருக்கும் அறை

“உங்க ரூம்ல எத்தனை பேரு?” என்று அவன் கேட்டான்.

“யாருமில்ல” என்றாள் அவள்.

“சரிம்மா” என்றான்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாளைக்குப் பேசிக்கொள்ளும் எத்தனையோ பேச்சில் இதுவும் ஒன்றாகக் காற்றோடு போயிருக்க வேண்டியது. போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தவன், மனைவி சொன்ன பதிலை அப்படியே ஒரு கட்டத்துக்குள் பூஜ்யமாகத் தட்டிவிட்டான். அந்தப் பூஜ்யம் என்னவெல்லாம் செய்யப்போகிறது என்று அவனுக்கும் தெரியாது, கரண்டியை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போன அவளுக்கும் தெரியாது.

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அப்போதுதான் அம்மாவோடு பேசிவிட்டு ஃபோனை வைத்திருந்தாள். அம்மா, அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு அறை கேட்டபோது அம்மாவின் கட்டில் மொட்டைமாடிக்கு ஏறியது. அங்கே தகரக் கூரை போட்ட ஓர் அறை. கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். அந்தக் கொஞ்ச நாள் இப்போது இன்னொரு வெயில்காலத்தையும் தொட்டுவிட்டது. அங்க ரொம்ப சூடா இருக்காம்மா என்று எப்போது கேட்டாலும், காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது என்றுதான் அம்மா சொல்வாள். அப்படிச் சொல்லும்போதே கைவிசிறி கட்டில் சட்டத்தில் இடிபடும் சத்தம் ஃபோனில் கேட்கும்.

இங்கே இவர்கள் வீட்டில் பின்பக்கம் ஓர் அறை சும்மா கிடந்தது. சும்மா என்றால், அவனுடைய பழைய மோட்டார்கள், கழற்றிய மின்விசிறிகள், கம்பிச் சுருள்கள், அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி என்று கூரை வரைக்கும் நிரம்பிக் கிடந்தது. எதைத் தூக்கிப் போடப்போனாலும் “ஒருநாள் உதவும்மா” என்பான். அந்த அறையைக் காலிசெய்தால் அம்மாவைக் கூட்டி வந்துவிடலாம். ஒரு வாக்கியம்தான். அதை வாய்விட்டுக் கேட்க அவளால் முடியவில்லை.

அதற்கும் காரணம் அவன்தான். ஒரே குளியலறைக்குப் பத்துப் பேர் வரிசையில் நின்ற வீட்டில் வளர்ந்தவன். கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த முதல் நாள், கதவைச் சாத்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே இங்க நம்ம ரெண்டு பேரு மட்டும். எனக்கு அது போதும்” என்று சொன்னான். அவ்வளவு ஆசையாக அவன் வேறெதையும் சொன்னதில்லை. அந்த ஆசையைக் கலைக்க அவளுக்கு மனம் வரவில்லை. போதாததற்கு அம்மா வேறு, மாப்பிள்ளை வீட்டில் வந்து உட்காரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

ஆனால் அன்று எப்படியும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அலுவலகத்திலிருந்து வரும் வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். தட்டை வைத்தாள், “ஏங்க” என்றாள். அவன் தலையை நிமிர்த்தாமல், ஒரு நிமிஷம்மா என்று கையைக் காட்டிவிட்டு, உங்க ரூம்ல எத்தனை பேரு என்று கேட்டான். தொண்டைவரை வந்த சொல் உள்ளே திரும்பிப் போயிற்று. அதற்குப் பதிலாக வெளியே வந்ததுதான் “யாருமில்ல.”

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். பொதுக் கட்டடக் குளிரூட்டல் நிர்ணய வாரியம் என்று பெயர். எந்தப் பொதுக் கட்டடத்துக்கு எவ்வளவு பெரிய ஏசி வாங்கவேண்டும் என்று நிர்ணயிப்பது அதன் பணி. முன்னெல்லாம் ஒரு மெக்கானிக் வந்து, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணரை டன் போட்டுடுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார். அது விஞ்ஞானமில்லை என்பதால் வாரியம் உண்டாயிற்று. வாரியத்தில் கணினிக்குள்ளேயே முதலில் ஒரு கட்டடத்தைக் கட்டிவிடுவார்கள். சுவர் எத்தனை கனம், ஜன்னல் எந்தத் திசை, வெயில் எங்கே விழும், விளக்கு எத்தனை, உள்ளே ஆள் எத்தனை என்று எல்லாவற்றையும் கொடுத்தால், ஒரு வருஷத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணினி வாழ்ந்து பார்த்து, எந்த அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று சொல்லிவிடும். ஊரெல்லாம் சிமுலேஷன் என்று சொல்வதை வாரியம் பாவனைக் கணிப்பு என்றது. நல்ல முறைதான். அவன் அதில் கெட்டிக்காரன்.

பாவனைக் கட்டடத்துக்குள் இருக்கும் ஆட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒன்பது மணிக்குக் கதவு திறக்காமலே உள்ளே வருவார்கள். எழுந்திருக்கமாட்டார்கள், தும்மமாட்டார்கள், சண்டை போடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு குண்டு பல்பு அளவுக்கு ஒரே சீராக வெப்பத்தை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்ட ஊழியர்களைக் கண்டதிலிருந்து வாரியத் தலைவருக்கு மற்ற ஊழியர்களைப் பிடிக்காமல் போயிற்று.

வாரியம் தனக்கென்று ஒரு புதுக் கட்டடம் கட்டியபோது, அதற்குப் பாவனைக் கணிப்பு செய்யும் பொறுப்பு அவனுக்கு வந்தது. அவள் வேலை பார்த்தது குறைகேட்புப் பிரிவில். வாரியம் நிர்ணயித்த ஏசி போதவில்லை என்று எழுதும் பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகள், நூலகங்களின் புகார்களை வாங்கி, முத்திரை குத்தி, மேலே அனுப்புவது வேலை. அந்த அறையில் இரண்டு பேர்: அவளும், எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியரும். புதுக் கட்டடத்தில் அந்தப் பிரிவுக்கு மேற்கு மூலையில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. ஆளில்லாத அறைக்குக் குளிர் கிடையாது. கணினி அந்த அறையைப் பார்த்தது. ஆள் பூஜ்யம். விதி தன் கடமையைச் செய்தது.

திறப்பு விழாவில் தலைவர் பேசினார். அறை கேட்ட குளிர் கிடைக்காமல் போகிற நேரத்துக்கு நிறைவேறாத மணி நேரம் என்று பெயர் என்றும், உலகில் எந்தக் கட்டடத்திலும் அது கொஞ்சமாவது இருந்தே தீரும் என்றும் விளக்கினார். “ஆனா நம்ம கட்டடத்துல, வருஷம் பூராவும் பார்த்தாலும், நிறைவேறாத மணி நேரம் ஒண்ணுகூட இல்ல. நிஜக் கட்டடத்துல இன்னும் யாரும் குடிவரல. அதுக்குள்ளேயே எல்லாருக்கும் வசதியா இருக்குன்னு நிரூபிச்சாச்சு” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

குடிபோன அன்றே டைப்பிஸ்ட் அக்கா நாற்காலியில் சாய்ந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். மற்ற அறைகளிலெல்லாம் ஏசி காற்று வரும் சதுரச் சல்லடை ஒன்று மேலே இருந்தது. இங்கே வழவழவென்று வெள்ளைப் பலகைதான். பகல் ஏற ஏற மேற்குச் சுவர் தோசைக்கல் மாதிரி காய்ந்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால், குளிர் வெளியேறிவிடும் என்பதற்காகக் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் திறக்கமுடியாதபடி செய்யப்பட்டிருந்தன.

புகார் எழுதுவதென்று முடிவாயிற்று. எழுதினாள். எழுதியதை யாரிடம் கொடுப்பது என்று பார்த்தால், அவளிடம்தான் கொடுக்கவேண்டும். அவள் நாற்காலியிலிருந்தபடியே முத்திரையை எடுத்தபோது அக்கா தடுத்தார். “குறை சொல்ல வர்றவங்க அந்தப் பக்கம்தான் உக்காரணும். ரூல் இருக்கில்ல?” அவள் எழுந்து சுற்றிப்போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து புகாரை நீட்டினாள். பிறகு எழுந்து சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். எல்லாப் புகார்தாரரிடமும் சொல்வதுபோலவே, உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். அக்கா அன்று சிரித்ததோடு சரி.

பதில் இணை இயக்குநரிடமிருந்து வந்தது. மேற்படி அறையில் எவரும் இல்லை என்பது அங்கீகரிக்கப்பட்ட முடிவு. எவருமில்லாத அறையிலிருந்து இக்குறையை எழுதியவர் எவர் என்பதைக் குறைகேட்புப் பிரிவு உடனடியாக விசாரித்துத் தெரிவிக்கவேண்டும்.

அன்று வீட்டில் அவனிடம் சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. நீதானேம்மா யாருமில்லன்னு சொன்னே என்றான். குற்றம் சாட்டுகிற குரலில்லை. நிஜமாகவே குழம்பிப்போன குரல். அவள் என்ன சொல்வாள்? கோபத்தில் சொன்னேன் என்றால் ஏன் கோபம் என்று கேட்பான். ஏன் கோபம் என்றால் அம்மாவில் போய் நிற்கும். தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள். அவன் மறுநாளே இணை இயக்குநரிடம் போய், ஒரு எண் தவறிவிட்டது, திருத்தித் தருகிறேன் என்று கேட்டான். அங்கீகரிக்கப்பட்ட முடிவை உண்மைகளைக் காரணம் காட்டித் திருத்த விதியில் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் வந்தவன் நேராகப் பின்பக்க அறைக்குள் புகுந்தான். தடால் புடாலென்று ஒரே சத்தம். அவள் கதவருகே போய் நின்று பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பழைய மேஜை விசிறியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தான். துடைத்து, எண்ணெய் விட்டு, கம்பி மாற்றி, சுழலவிட்டுக் காட்டினான். “பாத்தியா? ஒருநாள் உதவும்னு சொன்னேன்ல” என்றபோது அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். விசிறி எடுத்த இடத்தில் தரை கொஞ்சம் தெரிந்தது. ஒரு கட்டிலின் தலைமாட்டுக்கு ஆகும் என்று அவள் கண் அளந்தது. இப்போது கேள் என்றது மனம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

விசிறி அலுவலகத்தில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. இணை இயக்குநர் தானே நேரில் வந்தார். கையில் தெர்மாமீட்டர். நெற்றியில் வேர்வை அரும்பி மூக்கு நுனியில் சொட்டியது. அவர் விசிறியைத்தான் முதலில் பார்த்தார். விசிறி மோட்டாரும் வெப்பம் விடுகிறது, அந்த வெப்பம் கணிப்பில் இல்லை, ஆகவே அது அனுமதியற்ற வெப்பம் என்று சொல்லிப் பறிமுதல் செய்தார். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்தார். கையிலிருந்த கணிப்புத் தாளைப் பார்த்தார். இரண்டுக்கும் ஒட்டவில்லை. தெர்மாமீட்டரை உதறினார். மறுபடி பார்த்தார். அதைப் பழுதுபார்க்க அனுப்பும்படி உத்தரவிட்டார்.

“சார், உங்களுக்கே வேர்க்குதே” என்றார் அக்கா.

“மாடியேறி வந்தேன்ல, அதான்” என்றார் அவர். லிஃப்டில்தான் வந்திருந்தார். பிறகு அவளைப் பார்த்து இதமாகவே சொன்னார். “இங்க பாருங்கம்மா. நீங்க இங்க இருக்கறதா உங்களுக்குத் தோணலாம். நான் தப்புன்னு சொல்லல. எனக்கும் அப்படித்தான் தெரியுது. ஆனா நமக்குத் தெரியறதை வெச்சு முடிவெடுக்கற காலமெல்லாம் போயிடுச்சு. அதுக்குத்தானே வாரியமே இருக்கு?”

இதற்கிடையில் மேல்தளத்தில் தலைவரின் அறையில் வேறு விதமான கஷ்டம். கணினி அந்த அறைக்கு ஒன்றரை டன் போதும் என்றுதான் சொன்னது. உதவிப் பொறியாளர், நாளைக்குத் தன் தலை உருளக்கூடாது என்று கொஞ்சம் கூட்டினார். பொறியாளர், உதவிப் பொறியாளர் கூட்டியது தெரியாமல் தன் பங்குக்குக் கூட்டினார். இணை இயக்குநர், தலைவர் என்ற முறையில் ஒரு மரியாதைக்காகக் கூட்டினார். கொள்முதல் பிரிவு, அந்த அளவில் இயந்திரம் இல்லை என்று அடுத்த அளவுக்குப் போயிற்று. கடைசியில் வந்து இறங்கியது ஒரு கல்யாண மண்டபத்துக்கு உரிய இயந்திரம். அது உறுமிக்கொண்டு கிளம்பும். கண் மூடித் திறப்பதற்குள் அறை விறைத்துவிடும். உடனே நின்றுவிடும். காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிய அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அதனால் சுவர் நசநசத்தது, கோப்புகளில் பூஞ்சை பூத்தது, தாளில் மை ஊறிப் பரவியது. தலைவர் கம்பளிக் குல்லாவும் கழுத்துத் துண்டுமாக, கக்கத்தில் ஒரு வெந்நீர்ப் புட்டியோடு கையெழுத்துப் போட்டார். குறைத்து வையுங்கள் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால், இயந்திரத்தைவிடப் பதவி சிறியது என்று ஆகிவிடும்.

வெயில் முற்றியது. கட்டடமும் கணிப்பும் ஒத்துப்போகவில்லை என்று அங்கங்கே முணுமுணுப்பு கேட்டதும், சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் இனி கணிப்பில் உள்ளபடி நடந்துகொள்ளவேண்டும். ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் உட்காரவேண்டும். வேகமாக நடப்பது, உரக்கப் பேசுவது, கவலைப்படுவது ஆகியவை கூடுதல் வெப்பத்துக்கு வழிவகுப்பதால் தவிர்க்கப்படவேண்டும். சுடச்சுடத் தேநீர் குடிப்பவர்கள் வளாகத்துக்கு வெளியே நின்று ஆறவேண்டும். குறைகேட்புப் பிரிவுக்கு மட்டும் தனியாக ஒரு குறிப்பாணை: ஆளில்லா அறையில் இருவர் இருந்துகொண்டிருப்பதற்கான விளக்கம் கேட்கப்படுகிறது.

“இருக்கறதுக்கு என்னம்மா விளக்கம் எழுதறது?” என்று அக்கா கேட்டார். அப்போதே அவர் பேச்சு கொஞ்சம் குழறியது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மத்தியானம், எழுத உட்கார்ந்தவர் மேஜைமேல் கையை ஊன்றி எழுந்து, இரண்டு எட்டு வைத்து, சுவரோரம் அப்படியே சரிந்துவிட்டார்.

அவள் ஓடிப்போய் அக்காவின் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை நனைத்து முகத்தைத் துடைத்தாள். குறிப்பாணையை மடித்து விசிறினாள். அது ஒன்றுதான் அந்த அறையில் விசிறுவதற்கு இருந்தது. வாசலில் கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒரு குண்டு பல்பு கணக்காக வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு நின்றார்கள். அக்கா கண் திறந்ததும், “பயந்துட்டியா?” என்று கேட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு சொல். தான் சொன்ன ஒரே ஒரு சொல். அது இந்த மனுஷியைக் கீழே தள்ளிவிட்டது.

அன்று மாலை அண்ணன் வீட்டுக்கு ஃபோன் செய்தாள். அம்மா எடுக்கவில்லை, அண்ணி எடுத்தாள். அத்தைக்கு ரெண்டு நாளா தலைசுத்தல், வேற ஒண்ணுமில்ல, படுத்திருக்காங்க என்றாள். எங்க படுத்திருக்காங்க அண்ணி என்று கேட்டாள். “அவங்க ரூம்லதான்” என்று பதில் வந்தது. அவள் கண்ணுக்கு முன்னால் தகரக் கூரையும் வெள்ளைப் பலகையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. அங்கேயும் ஆள் இருக்கிறது. அங்கேயும் யாரோ கணக்கில் பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். அண்ணன் மட்டும்தான் போட்டான் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கேட்காமலே இருக்கும் தானும் சேர்ந்து போட்டதுதான்.

அக்கா விழுந்த விவகாரம் வெளியே கசிந்ததால் விசாரணை வைத்தார்கள். இடம் தலைவரின் அறை. அக்கா ஒரு சால்வையோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டு, “இப்படியே தீர்ப்பு சொல்லாம ஒரு மாசம் இழுத்தாங்கன்னா நல்லாருக்கும்” என்று காதோடு சொன்னார். இயந்திரம் உறுமியது, நின்றது. சிறிது நேரத்தில் மறுபடி உறுமியது.

எதிர்வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். கணவனும் மனைவியும் ஒரே கோப்பில் எதிரெதிரே வந்தால் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசக்கூடாது, தலைவர் மூலமாகத்தான் பேசவேண்டும் என்று விதி. காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கியவர்கள் (வாசலில் அவள் ஹெல்மெட்டை அவன்தான் வாங்கி வண்டியில் மாட்டினான்) இப்போது ஒருவரையொருவர் தெரியாதவர்கள் மாதிரி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலைவர் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். “நாங்க ஊழியர்களுக்கு விரோதி இல்ல. உங்க வசதிக்காகத்தான் இத்தனை பாடு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. ஆளுங்க வருவாங்க, போவாங்க. ரிட்டையராவாங்க. மயக்கம் போட்டு விழுவாங்க. முடிவு அப்படியே நிக்கும். எதை நம்பி நாம ஏசி வாங்கறது?” என்று கேட்டுவிட்டு, நடுக்கத்தில் பல் கிட்டியதால் நிறுத்தினார்.

இணை இயக்குநர் ஒரு தீர்வோடு வந்திருந்தார். முடிவைத் திருத்தமுடியாது. அறையைத் திருத்தலாம். குறைகேட்புப் பிரிவு என்ற பெயரை எடுத்துவிட்டுப் பொருள் வைப்பறை என்று வைத்துவிட்டால் ஆள் பூஜ்யம் என்பது சரியாகிவிடும். உள்ளே இருக்கும் இருவரையும் பொருள்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சம்பளத்துக்குப் பாதகம் வராது.

“பொருள்னா, வருஷத்துக்கு ஒரு தடவையாவது தூசி தட்டுவாங்களா சார்?” என்று அக்கா கேட்டார். நிர்வாகம் பரிசீலிக்கும் என்றார் இணை இயக்குநர். கேலி என்று அவருக்குப் படவில்லை.

பொருள் வைப்பறை என்ற சொல் காதில் விழுந்ததும் அவளுக்கு வீட்டுப் பின்பக்க அறை நினைவுக்கு வந்தது. பெட்டிகளும் மோட்டார்களும், விசிறி எடுத்த இடத்தில் தெரிந்த அந்தத் துண்டுத் தரையும்.

கோப்பை மூடுவதற்கு ஒரே ஒரு விவரம் பாக்கி இருந்தது. அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது? தலைவர் அவனைக் கேட்டார். அவன் எழுந்து நின்று, தானே தவறுதலாகப் போட்டுவிட்டதாகச் சொன்னான். காதுமடல் சிவந்திருந்தது. பொய் சொல்ல வராதவன்.

“இல்ல சார்” என்று அவள் எழுந்தாள். “நான்தான் சொன்னேன். அவர் கேட்டாரு. யாருமில்லன்னு நான் சொன்னேன்.”

“ஏம்மா அப்படிச் சொன்னீங்க?”

“கோவத்துல சார்.”

இணை இயக்குநர் பேனாவை எடுத்தார். காரணம் பதிவாகவேண்டும். கோபம் எந்த வகை வெப்பம் என்று தெரியாமல் எப்படிப் பதிவது? தெர்மாமீட்டரில் தெரிவது உணர்வெப்பம், ஈரத்துக்குள் ஒளிந்துகொண்டு தெரியாமல் இருப்பது உள்ளுறை வெப்பம். இது அதில் எது என்று கணிப்பு செய்தவரிடம் கேட்டுச் சொல்லும்படி தலைவரைக் கேட்டுக்கொண்டார். தலைவர் அவனிடம் கேட்டார்.

அவன் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“உள்ளுறைதான் சார். வெளியில ஒண்ணும் காட்டாது. ரொம்ப நாளா உள்ளேயே இருந்திருக்கும்னு நினைக்கறேன்” என்றான்.

தலைவருக்கு இன்னொரு சந்தேகம். ஊழியர் பதிவேட்டில் எல்லா அறைக்கும் ஆள் கணக்கு இருக்கும்போது, இவன் ஏன் வாய்வார்த்தையாக ஒருத்தரிடம் போய்க் கேட்டான்? இது முறைகேடாகத் தெரிகிறதே?

“மத்த ரூமுக்கெல்லாம் பதிவேட்டைப் பாத்துதான் சார் போட்டேன்” என்றான் அவன். “அந்த ஒரு ரூமுக்கு மட்டும் கேட்டுப் போட்டேன்.”

“அதான் ஏன்னு கேக்கறேன்.”

“அவங்க உக்கார்ற ரூம் சார். அவங்களையே கேக்கணும்னு தோணிச்சு.”

பதிவேட்டைப் பார்த்து இரண்டு என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் ஒரு தொல்லையும் வந்திருக்காது. அந்தச் சாப்பாட்டு மேஜையும் மடிக்கணினி வெளிச்சமும் அவளுக்கு முன்னால் வந்து நின்றன. தலையை நிமிர்த்தாமல் ஏதோ கணக்கைக் கேட்கிறான் என்றுதானே அன்று நினைத்தாள். இத்தனை அறைகளில் அவளுடைய அறையை மட்டும் கேட்டிருக்கிறான். கேட்கத் தெரியாமல், தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்டிருக்கிறான். இவனிடம் கேட்பதற்கா இத்தனை நாள் பயந்தாள்?

அப்போது அவன் ஒரு காரியம் செய்தான். தலைவரைப் பார்க்காமல், விதியைப் பார்க்காமல், மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக அவளைக் கேட்டான்.

“அன்னிக்குச் சரியா கேக்கல. இப்பக் கேக்கறேன். எத்தனை பேரும்மா?”

“என் மூலமா” என்றார் தலைவர், வெந்நீர்ப் புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு. இருவருமே அவர் பக்கம் திரும்பவில்லை.

“மூணு பேரு” என்றாள் அவள்.

இணை இயக்குநர் பதறிப்போய்த் தாள்களைப் புரட்டினார். பதிவேட்டின்படி இரண்டு, முடிவின்படி பூஜ்யம், மூன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து இயந்திரம் நின்றது. அக்கா சால்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார்.

“ஆபீஸ் ரூமைச் சொல்லலீங்க” என்றாள் அவனைப் பார்த்து. குரல் கொஞ்சம் நடுங்கியது. அது குளிரால் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. “நம்ம வீட்டைச் சொல்றேன். அந்தப் பின்னாடி ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரணும்.”